ஐந்து ஓட்டை பெல்ட்டும் ஓர் இணையப் பக்கமும்

இணையப் பக்கம் செய்கிறவனுக்கு நிரந்தரக் கவலை ஒன்று உண்டு: இங்கே அழகாக நிற்கிற எழுத்து, படிக்கிறவர் வீட்டில் எப்படி நிற்குமோ? இந்த வேலையில் மாட்டியிருக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஸ்கேலோடு வந்தவர்

திண்டுக்கல்லில் நான் தொழில் தொடங்கிய புதிதில் பேகம்பூர் காதர் பாய் வந்தார். தோல் பெல்ட் கடை. இரும்பு ஸ்கேலை மானிட்டர்மேல் வைத்து எழுத்தை அளந்தார். கடைப் பலகையில் இருக்கிற அதே எழுத்து, அதே அளவு வேண்டுமாம்.

‘எங்களைப் பற்றி’ பகுதியை அவரே எழுதி வந்திருந்தார். “முதல் பெல்ட்டுக்கு ஓட்டை குத்தியது என் அக்கா ஜைனப். பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அது தப்பு.” அக்கா மலேசியாவில், மகன் வீட்டில். இத்தனை வருஷமாக நேரில் சொல்ல வாய் வரவில்லையாம்.

“அக்கா தானாப் படிக்கணும் தம்பி. ஒரு நூல் பிசகினாலும் தோலு வீணாப் போயிரும், பாத்துச் செய்ங்க.”

தெருக்கோடிக் கடை

அப்போதெல்லாம் நம் தமிழ் எழுத்துரு அடுத்தவர் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் முழுப் பக்கத்தையும் படமாக்கி ஒட்டிவிட்டேன். இம்மியும் நகராது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கல். மகன் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக வைத்துக் கொடுத்திருந்தார். மற்ற பக்கமெல்லாம் பெரிதானது. என் படம் அசையவில்லை. பாய் என் கடையிலிருந்தே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“எல்லாக் கடையும் மூஞ்சிகிட்ட வந்து நிக்குது, உன் கடை மட்டும் தெருக்கோடியில நிக்குதுடா. பேரனைப் படிக்கச் சொல்லவா?” என்றார் அக்கா.

பாய் பதறிப்போனார். “வேணாம்க்கா, செத்த பொறு. கடையத் தூக்கிட்டு வாரேன்.”

ஓட்டை

அந்தச் சமயத்தில்தான் புதுக் கம்ப்யூட்டர்களில் தமிழ் தானாகவே வர ஆரம்பித்திருந்தது; அக்கா வீட்டில் இருந்ததும் புதுசுதான். படத்தை எடுத்துவிட்டு எழுத்தாகவே அடித்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்பு இரண்டாக மடிந்தது, பாய் போட்டோ கீழே சரிந்தது. பலகை எழுத்தும் போச்சு. எனக்கு அழுகை வராத குறை. பாய் ஸ்கேலைப் பைக்குள் போட்டார்.

“பெல்ட்டுல எதுக்கு அஞ்சு ஓட்டை குத்துறோம்? இடுப்பு அவுகளோடது தம்பி. விடுங்க.”

வெள்ளிக்கிழமை

தொழுகை முடிந்து நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. அக்கா தனியாக உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துவிட்டாராம். அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்:

“இதச் சொல்ல இம்புட்டு வருஷமாடா? எழுத்து நல்லாத் தெரியுது. உன் மூஞ்சியத்தான் காணோம், அதையும் பெருசாக்கச் சொல்லு.”

இன்றும் எந்தப் பக்கம் செய்தாலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தலைப்பு மடிந்து போட்டோ சரிந்தால், எங்கோ ஓர் அக்கா படிக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.