மைசெல்ஃப் சித்தி

யாரும் உள்ளே வரக்கூடாது என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, சித்தி மட்டும் லிஃப்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உச்சி மாடி வரை போய்த் திரும்பி வந்து, "ம், இப்ப ஏறுங்க" என்கிறாள். எந்த லிஃப்டைப் பழுது பார்த்தாலும் முதல் சவாரி அவளுடையதுதான். "அறுந்து விழுந்தா நான் மட்டும் விழுறேன். ஊரான் பிள்ளைய ஏன் கூட்டிட்டு விழணும்?"

ஆள் ஒல்லி. ஸ்பேனரைக் கொண்டையில் செருகிக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுவாள். மோட்டாரோடு பேசுவாள், அதுவும் சித்தப்பாவோடு பேசுவதைவிட மரியாதையாக.

இங்கிலீஷில் அவளுக்குச் செல்லச் சொல் 'மைசெல்ஃப்'. போனை எடுத்தால் "மைசெல்ஃப் ஸ்பீக்கிங்." சாப்பிட்டாச்சா என்றால் "மைசெல்ஃப் ஃபினிஷ்." 'ஐ'க்கு அந்த வீட்டில் வேலையே கிடையாது.

பன்னிரண்டு வருடமாக அவள் சரிசெய்த லிஃப்டுக்கெல்லாம் வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள். இந்த மாதம் அவளுக்கு லைசென்ஸ் தேர்வு. தேறினால் கையெழுத்து அவளுடையது. தேறாவிட்டால் கடைசிவரை உதவியாள். தேர்வு அதிகாரிக்குத் தமிழ் தெரியாதாம்.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை ருசி பார்த்தவன் நான். ஆனாலும் இது தெரியும். "பேரு சொல்ல 'ஐ ஆம்' போதும் சித்தி. ஒரு வேலைய நானே செஞ்சேன்னு அழுத்திச் சொல்லத்தான் கடைசில மைசெல்ஃப்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "தப்பான இடத்துல சொன்னா அங்கயே ஃபெயிலாம்."

"ஐயய்யோ!"

அன்றிலிருந்து அந்தச் சொல்லையே அவள் வாயில் காணோம். வீடு வெறிச்சென்று போனது. சொன்னது பொய் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தேர்வு முடிந்து வந்து அவளே சொன்னாள். ஓடாத லிஃப்டை ஒரு மணி நேரத்தில் ஓட வைத்துவிட்டாளாம். "ஹூ வில் டெஸ்ட் இட்?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "சொல்லு தொண்டை வரைக்கும் வந்துடுச்சுடா. பயத்துல முழுங்கிட்டேன்." பதில் வராததால் மார்க் போட அவர் பேனா மூடியைத் திறந்திருக்கிறார். சித்தி சட்டென்று கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டு, தனியாக ஏறிப் போய்த் திரும்பியிருக்கிறாள். வெளியே வந்து நெஞ்சில் தட்டி, "ஐ டெஸ்டட் இட்... மைசெல்ஃப்!"

அதிகாரி சிரித்திருக்கிறார். பேனாவை அவளிடம் நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்.

"சரியான இடத்துலதானே சொன்னேன்?" என்றாள் சித்தி.

"கச்சிதமா சொன்ன. அப்புறம்... ஃபெயில் போடுவாங்கன்னது நான் விட்ட ரீல் சித்தி."

"அடப்பாவி! மூணு வாரமா வாயைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனேடா!"

கிரீஸ் அப்பிய இரண்டு கைகளாலும் என் கன்னங்களை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த பிறகும் கையை எடுக்கவில்லை.