தெருவே சேர்ந்து உடைத்த சாமான்கள்

பேக்கரிக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொந்துக்குப் பெயர்தான் கடை. உள்ளே ஆள் உட்கார்ந்தால் டேபிள் ஃபேன் வெளியே நிற்க வேண்டும். ஃபேன் உள்ளே வந்தால் ஆள் வெளியே வர வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் ஸ்க்ரூ அக்கா மிக்சி, அயர்ன் பாக்ஸ், டோஸ்டர் என்று கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தாள். எந்நேரமும் வாயோரத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் கோபத்தில் கத்தினால் ஸ்க்ரூ தெறித்து விழும், எதிரில் நிற்கிறவர் குனிந்து அதைத் தேடுவார்.

வேலையில் கெட்டிக்காரி. வியாபாரத்தில் சுத்த மோசம். "ரெண்டு முடுக்கு முடுக்கினேன், இதுக்குப் போய் காசு கேட்டா நல்லாவா இருக்கு?" என்று பாதிப் பேரைச் சும்மா அனுப்பிவிடுவாள். மீதிப் பேர் கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிசு வாங்கப் பழகிவிட்டார்கள். கடையில் அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வாடகை பாக்கி தலைக்கு மேல் போனது.

வெளியூரில் இருக்கும் அண்ணன் போன் செய்தார். "இந்த மாசத்தோட கடைய மூடிட்டு இங்க வந்துடும்மா. உங்க அண்ணி உன்ன ராணி மாதிரி பாத்துப்பா."

அண்ணி தன் வீட்டு டிவி ரிமோட்டையே யாரையும் தொடவிடாதவள். அந்த வீட்டில் ராணிக்கு இடம் கிடைக்கலாம், ராணியின் ஸ்க்ரூ டிரைவருக்குக் கிடைக்காது. ஆனால் வேறு வழியும் இல்லை. "சரிண்ணா" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள்.

இது அப்படியே பேக்கரிக்காரர் காதில் விழுந்தது. அவர் ஒட்டுக் கேட்கவில்லை, பாவம். நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைதான். ஆனால் கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கவரில் வைத்து, பேக்கரிக்காரரிடமே கொடுத்தனுப்பினார்கள். "நான் என்ன பிச்சையா கேட்டேன்?" என்று அக்கா, ஒயர் பற்றவைக்கிற சூடான கம்பியோடு துரத்தினாள். பேக்கரிக்காரர் தன் தொப்பைக்குச் சம்பந்தமே இல்லாத வேகத்தில் ஓடினார்.

அப்போதுதான் டியூஷன் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். "பணம் குடுத்தாத்தானே கோவம் வருது? வேலை குடுப்போம். ஆளுக்கு ஒண்ண உடைங்க."

டீச்சர் படித்தவர் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. படிக்காத ஒருவர் சொல்லியிருந்தால் தெரு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரர், சுத்தியலால் சாத்திய டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கீழ விழுந்துடுச்சுக்கா."

"எங்கேருந்து?"

"எங்க வீட்டு மாடியிலேருந்து."

அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது. தையல்காரரோ அயர்ன் பாக்ஸை, அழுக்குத் துணி மாதிரி, வாளித் தண்ணீரில் ஊறவைத்தே கொண்டுவந்தார். இன்னொருவருடைய மிக்சியில் விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. கடை வாசலில் வரிசை நின்றது.

தெரு போட்ட திட்டம் இங்கேதான் கவிழ்ந்தது. வரிசையைப் பார்த்த அக்காவுக்கு மனசு உருகிப்போனது. ஐயோ பாவம், ஒரே நேரத்தில் எல்லார் வீட்டிலுமா எல்லாம் கெட்டுப்போக வேண்டும்? தெருவுக்கே கெட்ட நேரம் போலிருக்கிறது. எப்படியும் ஊரை விட்டுப் போகப் போகிறோம், போவதற்கு முன் இந்த ஜனங்களுக்கு நம்மால் ஆனதைச் செய்துவிட்டுப் போவோம் என்று அத்தனையையும் ஓசியில் சரிசெய்து கொடுத்தாள். ஒயர், காயில், பிளக் எல்லாம் அவள் கைக்காசு. வாடகைக்கு என்று ஒதுக்கிய கொஞ்சநஞ்சமும் அதிலேயே கரைந்தது.

தெருவும் சளைக்கவில்லை. சின்ன ரிப்பேருக்குத்தான் கூலி வாங்கமாட்டேன் என்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு பெரிசு பெரிசாக உடைத்தார்கள். உதவி கூடக் கூட அக்கா ஓட்டாண்டி ஆனாள்.

ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை. டீச்சர் வீட்டு ஃபேன் ஒயர் போன வாரமும் அறுந்தது, இந்த வாரமும் அறுந்தது. இரண்டு தடவையும் கத்தரியால் நறுக்கியது போல நேராக. எவனோ ஒரு பாவி தெருவுக்கே வேட்டு வைக்கிறான்! போவதற்குள் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று, ஸ்பேனரும் கையுமாக டீச்சர் வீட்டு ஜன்னலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். பட்டப்பகலில், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோலோடு குனிந்திருந்தது டீச்சரேதான்.

"டீச்சர்! முதல்ல பிளக்கப் புடுங்குங்க! ஷாக் அடிச்சு செத்து கித்து வச்சீங்கன்னா?"

டீச்சர் அலறிக் கத்தரியைப் போட்டார். போட்ட கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "எல்லாம் உனக்காகத்தான்கா. நீ போயிடக் கூடாதுன்னுதான். தெருவே சேர்ந்துதான் உடைச்சோம்."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இவர்களுக்காக அவள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள். இவர்களோ அவளுக்காகப் பரிதாபப்பட்டு வீட்டையே நொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் வாயிலிருந்த ஸ்க்ரூவை விழுங்கப் பார்த்தாள்.

நேரே பேக்கரி வாசலுக்குப் போய் நின்று, தெருவையே கூப்பிட்டுக் கத்தினாள். "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? தானா கெட்டதுக்கு இனிமே நியாயமான கூலி. வேணும்னே உடைச்சதுக்கு ரெண்டு மடங்கு! பழைய பாக்கி ஒண்ணு விடாம எனக்கு இப்பவே வந்தாகணும்!"

திட்டு வாங்கிய ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பணத்தோடு வரிசையில் நின்றார்கள். மாடியிலிருந்து விழுந்தது என்று கடைசிவரை சாதித்த பேக்கரிக்காரர்கூட, தன்னுடையது வேணும்னே உடைத்ததுதான் என்று அடம்பிடித்து இரண்டு மடங்கு கொடுத்தார்.

வாடகையைக் கட்டிவிட்டு அக்கா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வர முடியாதுண்ணா."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"என்னை நம்பி இங்க ஒரு தெருவே எல்லாத்தையும் உடைச்சு வச்சிருக்கு. விட்டுட்டு எப்படிண்ணா வர்றது?"