கூடக் கட்டலாம் என்ற கடன்

கஹவத்தைக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையை விட்டு வந்து இப்போது நான் மட்டும் அதில் இருக்கிறேன். என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். காணி உறுதிப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் எடுத்துக் கட்டிய வீடு. தவணை அவள் சம்பளத்தில் போகிறது. கடன் முடிந்தால்தான் ஊருக்கு வருவேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்குள் அவள் இன்னும் கால் வைத்ததில்லை. போனில் பார்த்ததோடு சரி.

பழைய பேங்கில் வட்டி ஏறிக்கொண்டே போனது. கடனை வேறு பேங்குக்கு மாற்றலாம் என்று அவளே விசாரித்தாள். காணி என் பேரில் இருப்பதால் நான்தான் போக வேண்டியிருந்தது. எனக்கோ கடையில் சீனி கேட்கவே வெட்கம். புது பேங்கில் அவளுக்குப் போன் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அங்கே இருந்த அதிகாரி நோனா சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். கடன் இரண்டு விதம். ஒன்றில் வட்டி குறைவு, ஆனால் தவணைக்கு மேலே கட்டினால் அபராதம். மற்றதில் வட்டி கொஞ்சம் கூட, ஆனால் கையில் இருக்கிறபோது எவ்வளவும் கட்டலாம். அது முதல் பணத்தில் கழியும், கடன் சீக்கிரம் முடியும்.

"வட்டி கொறஞ்சதையே எடும்மா" என்றாள் மகள்.

"வேணாம். மத்தது."

"ஏம்மா?"

"ஒரு நாள் பேருக்குச் சொன்ன கிலோவுக்கு மேல கொழுந்து எடுத்தா, கூட காசுதானே குடுப்பாங்க? இங்க கூட கட்டுனா அபராதமாம். இது என்னா ஞாயம்?"

"அம்மா, இது பேங்கும்மா, கொழுந்து நிறுக்கிற மடுவமில்ல!" என்று சிரித்தாள். நோனாவுக்கும் அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டாள். அவரும் சிரித்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

"நீ எங்கேருந்து கூட கட்டப்போற? அந்த மொழங்கால வச்சிக்கிட்டு மல ஏறப்போறியா?"

"இருக்கிறப்ப கட்டுறேன். இல்லாதப்ப இல்ல. அவங்களே அப்பிடித்தானே சொல்றாங்க."

நீ சீக்கிரம் வரணும் என்று சொல்ல வாய்வரை வந்தது. நோனா முன்னால் சொல்ல முடியவில்லை.

"சரி, ஒன் இஷ்டம்" என்றாள் மெதுவாக. "மேடம் கூப்பிடுறாங்க, வைக்கிறேன்."

அதற்குப் பிறகு வேலியில் படர்ந்த மிளகை விற்றேன். கால் கேட்கிற நாட்களில் பக்கத்துக் கிராமத்துத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தேன். அடை மழையில் ஒன்றும் கட்டவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டப் போகிற போதெல்லாம் ஒன்று மட்டும் கேட்பேன்: "எப்ப முடியும், நோனா?" அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லுவார். முதலில் அடுத்த வருசத்துக் கோயில் தேர் முடிந்து வெகு நாள் கழித்து என்றார். போன மாதம் கணக்குப் பார்த்தபோது முடிகிற நாள் அந்தத் தேருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"அம்மா, என் ரூமுல காலையில வெயில் வருமா?"

போனை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்து காட்டினேன். வெறும் சிமெந்துத் தரையில் வெயில் விழுந்திருந்தது.

"போன எடுத்துறாதம்மா" என்றாள். "கொஞ்ச நேரம் அப்பிடியே புடி."