ஒன்பதாயிரம் அடி

எங்கள் நெடுந்தீவில் ஏறுவதற்கென்று இருப்பவை பனையும் கல்வேலியும்தான். கல்வேலியில் ஏறினாலே எனக்குக் கால் கூசும். அப்படிப்பட்ட நான் ஒருகாலத்தில் யாவாத் தீவிலுள்ள எரிமலை ஒன்றை ஒரே பகலில் கடக்கத் திட்டம் போட்டேன். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நடக்கவேண்டியவன் நான் என்பதுதான் குறை.

அண்ணை அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். கண் இரண்டும் மங்கி வருவதாகவும், கப்பலில் தனியே வர ஏலாதென்றும், நான் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டுமென்றும் எழுதியிருந்தார். மலை குமுறித் தோட்டத்துத் தெருவை மூடிவிட்டதாம். ரயில் நிற்கும் ஊரிலிருந்து மலைக்கு மேலால் நடந்தே போகவேண்டும். ‘ஒன்பதாயிரம் அடி. விடிய முன்னம் வெளிக்கிட்டால் பொழுதுபட முன்னம் சேரலாம். வழியில் தண்ணீர் இல்லை. உச்சியில் கந்தகப் புகை எழும்பும், காற்று வரும் பக்கமாக நட. வழிகாட்ட ஆள் அனுப்புகிறேன்.’

வாசித்துவிட்டுச் சிரித்தேன். மறுநாள் துறையிலிருந்து மேற்கே அடி அடியாக எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒன்பதாயிரமாவது அடி ஒரு மாட்டுப்பட்டியின் வாசலில் முடிந்தது. ஒழுங்காக வேர்க்கக்கூட இல்லை.

அண்ணையின் மனைவி எனக்கு மச்சாள். அவரிடம் போய் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“இதுக்கு ஒரு பகல் வேணுமே மச்சாள்? மத்தியானச் சோத்துக்கு அண்ணையிட்டை நிப்பன்.”

அவர் அன்றைக்கே என் பயணத்துக்கு ஒடியல்மாவும் பனங்கட்டியும் கட்டத் தொடங்கிவிட்டார்.

என் வீரம் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள், சரக்குத் தோணி ஓட்டும் கிழட்டுத் தண்டயல் ஒருவரைத் துறையில் கண்டேன். இளமையில் யாவாப் பக்கம் போய்வந்தவர். அவரிடமும் பெருமை அடித்தேன்.

“தம்பி, நீர் எண்ணினது நடக்கிற அடி. கொண்ணர் எழுதினது உயர அடி,” என்றார். “ஒரு பனை அறுபது அடி எண்டு வையும். நூற்றைம்பது பனையை ஒண்டுக்கு மேல ஒண்டா நட்டுப்போட்டு ஏறும்.”

“நீங்கள் ஏறினனீங்களோ அப்பு?”

“எனக்கென்ன விசரே? கப்பலிலை நிண்டு பாத்தனான். மேல மரம் மட்டை ஒண்டுமில்லை. கரிஞ்ச கல்லும் சாம்பலும்தான். விடியப்புறம் தண்ணி உறையுமாம்.”

அன்றிலிருந்து எனக்கு மலையென்றால் பயம். ஊருக்கு நான் அதற்குச் சொன்ன பெயர் திட்டம். எத்தனை மணிக்கு எந்த மேட்டில் நிற்பது, எங்கே மூக்கை ஈரத்துணியால் கட்டுவது, மூடுபனி இறங்குமுன் சாம்பல்வெளியை எப்படித் தாண்டுவது என்று கொப்பி நிறைய எழுதினேன். யாழ்ப்பாணத்தில் சப்பாத்துத் தைக்கக் கொடுத்தேன். வந்தபோது இறுக்கமென்று திருப்பி அனுப்பினேன். அது இறுக்கமே இல்லை. பிறகு கம்பளிச் சட்டை தேடினேன். பிறகு யாவாவில் மழை முடியட்டும் என்றேன். நல்ல நாள் பார்த்துத் தந்த சாத்திரியாரிடம், அந்த நாளில் ஏதாவது பிழை கிடக்குமென்று மன்றாடி, இன்னொருதரம் பார்க்கவைத்தவனும் நான்தான்.

“எப்ப தம்பி வெளிக்கிடுறீர்?” என்று மச்சாள் கேட்பார்.

“திட்டம் முடியட்டும் மச்சாள். மலையெண்டால் விளையாட்டே?”

அண்ணையின் அடுத்த கடிதம் வேறு யாரோ ஒருவருடைய கையெழுத்தில் வந்தது. நான் எப்போது வருவேன் என்ற ஒரு கேள்விதான் அதில் இருந்தது. நான் நாலு பக்கத்தில் மறுமொழி எழுதினேன். வரும் நாளை மட்டும் எழுதவில்லை.

மார்கழியில் சண்டை எங்கள் பக்கத்துக் கடலுக்கு வந்தது. கப்பல் நின்றது, தபாலும் நின்றது. மாசி கழிய, யப்பான்காரன் யாவாவில் இறங்கிவிட்டான் என்ற கதை வந்தது. அன்றிரவு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, நான் நன்றாக நித்திரை கொண்டேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் மச்சாள் வீட்டு முற்றத்தில் அயலட்டையெல்லாம் கூடியிருந்தது.

“நல்ல காலம், நீ போகேல்லை,” என்றார் ஒருவர். “போயிருந்தால் நீயும் மாட்டுப்பட்டிருப்பாய்.”

“ஓம்,” என்றேன். முகத்தைத் துக்கமாகவும் வைத்துக்கொண்டேன்.

மச்சாள் பசுவுக்கு வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“நேரத்தோட போயிருந்தால், அவரும் மாட்டுப்பட்டிருக்கமாட்டார்,” என்றார்.