பரணுக்குப் போன முன்னுரை

சம்பா அறுவடை தொடங்கிய தை மாதத்தில், நாங்கள் இருவர் இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு இணையதளம் செய்தோம். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், நீக்கலாம். நிரல் எழுதியவள் பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழி. யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார் என்று காட்டும் பகுதி என்னுடையது. நான் காஸ் சிலிண்டரில்கூட மாற்றிய தேதியைச் சாக்பீஸால் எழுதி வைப்பவன்.

வழிகாட்டிப் பேராசிரியை ஒரே நிபந்தனை வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு பேர் சேர்ந்து இதுல ரெண்டு பக்கக் கட்டுரை எழுதிக் காட்டுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்."

தோழிக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வருஷம் என்றால் அது போய்விடும்.

தலைப்பு, எங்கள் ஊர் வாய்க்கால்கள். எங்களோடு திருவிடைமருதூரிலிருந்து ஒரு ஜூனியர் பெண்ணும், வேளாங்கண்ணிப் பக்கம் சில வருடம் அப்பாவின் படகில் மீன்பிடிக்கப் போய்விட்டுப் படிக்க வந்த ஒருவரும் சேர்ந்தார்கள். வயதில் மூத்தவர் என்பதால் அவர் எல்லோருக்கும் அண்ணன்.

புதன் மாலை திறந்து பார்த்தால் கட்டுரை பதினான்கு பக்கம். அதில் காவிரி நான்கு முறை குடகில் பிறந்தது, ஆளுக்கொரு முன்னுரை. என் பகுதியைப் பார்த்தேன்: சேர்த்தது, சேர்த்தது, சேர்த்தது. நீக்கியது ஒன்றுகூட இல்லை.

தோழி ஜூனியரைப் போனில் பிடித்தாள். "ஏன்டி, அண்ணன் எழுதுனதுல பாதி மீன் விலை. எடுத்துற வேண்டியதுதானே?"

"ஐயோ அக்கா, அவங்க எழுதுனத நான் அழிக்கிறதா? நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா?"

அண்ணனைக் கேட்டால், "தங்கச்சி ஆசையா அவங்க ஊர்த் தேரப் பத்தி எழுதியிருக்கு. நான் கை வைக்க மாட்டேன்ப்பா" என்றார்.

'அழிக்கலாமா?' என்று அனுமதி கேட்கும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தோம். வியாழன் காலைக்குள் எல்லோரும் எல்லோரையும் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "உங்க இஷ்டம்." கட்டுரை பதினாறு பக்கமாகியிருந்தது.

கேன்டீனில் தோழி வெடித்தாள். "எங்க வீட்லயும் இதே கதைதான். ஒடஞ்ச கிரைண்டரத் தூக்கிப் போடுன்னா ஒருத்தருக்கும் மனசு வராது. பரண்ல ஏத்துன்னா மட்டும் நாலு பேர் ஓடி வருவாங்க." சொல்லிவிட்டு டீ டம்ளரை வைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

மதியம் 'நீக்கு' போய் 'பரணில் ஏற்று' வந்தது. எதுவும் அழியாது, ஓரத்துப் பெட்டியில் போய் உட்காரும், வேண்டியபோது இறக்கிக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் மீன் விலை ஏறியது. தேர் ஏறியது, "பத்திரமா இருக்கு தங்கச்சி" என்ற அண்ணனின் குறிப்போடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறியது, எந்த மதகு எந்த வருடம் கட்டியது என்று நான் திரட்டியிருந்த முன்னுரை. ஏற்றியவள் தோழி, பொத்தான் வந்த அதே நிமிடம்.

"அந்த வருஷமெல்லாம் கஷ்டப்பட்டுத் தேடுனது" என்றேன்.

"அதான் பத்திரமா இருக்கேடா. வேணும்னா எறக்கிக்க. எனக்கு வேலை போகும், அவ்வளவுதான்."

இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியை இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். "இந்த மீன் விலை சுவாரசியமா இருக்கே, இத ஏன் மேல போட்டீங்க?"

"எறக்கிடாதீங்க மேடம்!" என்று தோழி பாய்ந்தாள்.

அவர் மீனைப் படித்தார், தேரைப் படித்தார். என் முன்னுரையை ஒரே தள்ளில் தாண்டிப் போனார். அந்தத் தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.