பழைய டிரைவர் எழுதிய பின்னூட்டங்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பாராட்டு. வைத்தவர் அவளுடைய அத்தான். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை முகம் தெரியாத ஆட்களை இணையத்தில் பாராட்டிக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. "கட்டின பொண்டாட்டிகிட்ட எனக்குக் கிடைக்காத பாராட்டையெல்லாம் கொழுந்தியா கண்டவனுக்கு வாரி வழங்குறா" என்று வருகிற வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கேலிக்கு வைத்த பெயர் கூப்பிடுகிற பெயராகி, கடைசியில் அக்காவின் இரட்டைப் பிள்ளைகளே அவளைப் 'பாராட்டுச் சித்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அக்கா வீட்டுக்கு அடியில் கார் நிறுத்தக் கட்டிய இடம் அது. மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் சுவரை ஒட்டி நெருக்கிப் போட்டிருக்கும். திரையில் வெயில் கூசுகிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியே வைத்திருப்பார்கள். தெருவில் போகிறவர்களின் செருப்பும் முழங்காலும்தான் அவள் கண்ணில் படும். உள்ளேயிருந்து ஒரு படிக்கட்டு நேரே அக்காவின் சமையலறைக்கு ஏறும். அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக வந்தவள், பிள்ளைகள் நடக்கட்டும் என்று தங்கி, பள்ளிக்கூடம் போகட்டும் என்று தங்கி, அத்தானுக்கு ஆள் பற்றவில்லை என்று கீழே இறங்கி உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அம்மா, அப்பா போன பிறகு, போவதற்கு இடம் எது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அத்தான் செய்த தொழில் இதுதான். ஒரு கடைக்காரருக்குத் தன் தளம் தேடுபொறியில் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று ஆசை. ஒரு தளத்துக்கு எத்தனை இடங்களிலிருந்து இணைப்பு போகிறதோ, அத்தனை பேர் அதற்கு ஓட்டுப் போட்டதாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும். அத்தான் போடவைத்தது கள்ள ஓட்டு. யாரோ எழுதுகிற வலைப்பூவுக்குப் போக வேண்டியது, பதிவுக்கு அடியில் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டியது, பெயரோடு கடைக்காரரின் இணைப்பைச் செருகிவிட்டு நழுவ வேண்டியது. வேலைக்கு இருந்த மற்ற இருவரும் "மிக அருமையான பதிவு, பகிர்ந்தமைக்கு நன்றி" என்பதையே ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தார்கள். குப்பை பிடிக்கிற வடிகட்டிகள் அவற்றை வாசலிலேயே மடக்கிவிடும். அவள் எழுதியது மட்டும் மாட்டாது. ஏனென்றால் அவள் பதிவை உட்கார்ந்து படிப்பாள். தோட்டம் போடுகிறவனிடம் மண்ணைப் பற்றிக் கேட்பாள். பல் வலிக்காரனிடம் எந்தப் பக்கம் என்று விசாரிப்பாள். இன்று ஒரு தையற்காரியாக எழுதுவாள், நாளை ஒரு கல்லூரி மாணவனாக. அவளுடைய சொந்தப் பெயர் மட்டும் எங்கும் கிடையாது.

ஒரு முறை அங்கிருந்து கிளம்பப் பார்த்தாள். பத்திரிகை ஒன்றில் எழுத ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. அக்காவிடம் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இதுவரைக்கும் என்னம்மா எழுதியிருக்கீங்க? ஏதாவது காட்டுங்க பார்க்கலாம்" என்றார் ஆசிரியர்.

இணையம் முழுக்க அவள் எழுத்துதான். ஆனால் எதைக் காட்டுவாள்? தையற்காரியையா, மாணவனையா? "ஒண்ணும் எழுதலைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வழியில் ஒரு தைலப் புட்டியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அப்புறம்தான் காது கேட்கும் கருவி விற்கிற கடை ஒன்று அத்தானிடம் வந்தது. காது மந்தமானவர்கள் எழுதுகிற பக்கங்களைத் தேடிக்கொண்டே போன பாராட்டு, ஒரு பாட்டு டீச்சரின் வலைப்பூவில் போய் நின்றாள். டீச்சருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தது. வகுப்பில் பிள்ளைகள் சுருதி விலகுவது தனக்குத் தெரியாமல் போவதையும், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை வைத்துத் தான் கண்டுபிடிப்பதையும் அவர் எழுதியிருந்தார். அடியில் ஒரு பின்னூட்டம் கூட இல்லை.

பாராட்டு அங்கே 'பழைய டிரைவர்' ஆனாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் காதில் விழாமல் போனதால் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர். "டீச்சர், எனக்கு ஹாரன் போச்சு, உங்களுக்கு சுருதி போச்சு. ரெண்டு பேருக்குமே முன்னாடி நிக்கிறவங்க முகத்தைப் பார்த்துத்தான் பிழைப்பு" என்று எழுதி, பெயருக்குப் பின்னால் கடையின் இணைப்பைச் செருகினாள்.

டீச்சர் பதில் எழுதினார். டிரைவரும் எழுதினார், நடுநடுவே கடையையும் ஒரு வார்த்தை புகழ்ந்துவைத்தார். டிரைவருக்கு ஒரு முன்கோபக்கார மருமகள் வந்தாள், கண்ணாடியைத் தொலைக்கிற பழக்கம் வந்தது. டீச்சர் மனசுவிட்டுச் சிரித்ததாக எழுதினார். பாராட்டுக்கு மற்ற வேலையெல்லாம் வேப்பங்காயாகிவிட்டது. எப்போதடா டிரைவர் ஆகலாம் என்று காத்திருப்பாள்.

ஒருநாள் டீச்சர் எழுதினார்: "உங்க பேச்சை நம்பி அந்தக் கடையிலேயே கருவி வாங்கிட்டேன், ஐயா. ஓயாம கொய்யுங்குது. என் காதுதான் அவ்வளவு மோசமோ என்னவோ."

அவள் உடனே எழுந்தாள். அத்தானிடம் போனாள்.

"அந்தக் கடைக் கருவி சரியில்லையாம், அத்தான்."

"நாம என்ன காது டாக்டரா? இணைப்பு போடுறது நம்ம வேலை. கேக்குதா இல்லையாங்கிறது அவங்க பாடு."

கடையைப் புகழ்ந்து வந்த டிரைவரின் வாயாலேயே கடையை எப்படித் தூற்றுவது? அவளுக்கு வழி தெரியவில்லை. டிரைவர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் தேடுபொறிக்காரர்கள் விதியை மாற்றினார்கள். கள்ள ஓட்டு வாங்கின தளங்களையெல்லாம் கண்டுபிடித்துக் கீழே தள்ளினார்கள். முதல் பக்கத்தில் இருந்த காதுக்கருவிக் கடை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கடைக்காரர் போனில் கத்தியது மேலே சமையலறை வரை கேட்டது. அத்தான் அசரவில்லை. அந்த இணைப்புகளை எடுத்தால்தான் தளம் மறுபடி மேலே ஏறும், போட்டவர்களிடமே எடுக்கிற வேலையும் வந்து சேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பாராட்டு, இனிமே நீ போட்டதையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒவ்வொருத்தருக்கா கெஞ்சி எழுது" என்றார்.

ஆக, அதே நாற்காலி, அதே மேசை. வந்த வழியே திரும்பி நடப்பதுபோல, பாராட்டிய ஒவ்வொரு வாசலிலும் போய் அந்தப் பாராட்டை அழித்துவிடச் சொல்லிக் கேட்டாள். பலர் கண்டுகொள்ளவில்லை. சிலர் திட்டினார்கள். டீச்சருக்குக் கடையின் பெயரில்தான் எழுதினாள். இன்ன இன்ன பின்னூட்டங்களை அழித்துவிட்டால் உதவியாக இருக்கும் என்று.

பதில் அன்றைக்கே வந்தது. "அழிக்க மாட்டேன். அவர் என் நண்பர். ரொம்ப நாளாய் ஆளைக் காணோம். உங்கள் கடைக்கு வருகிறவர்தானே? நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள்."

அத்தான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "செத்துட்டார்னு எழுதிடு. சோலி முடிஞ்சது."

அவர் வெளியே போகிற வரை பாராட்டு விசைப்பலகையைத் தொடவில்லை. அவள் அந்த மனிதருக்கு மருமகளைக் கொடுத்தவள், கண்ணாடி கொடுத்தவள். கொல்லக் கை வரவில்லை. பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். டிரைவர் என்று யாரும் இல்லை, நான்தான் அது, எனக்குக் காது நன்றாகக் கேட்கும், இணைப்பு போடுவதற்காக வந்தேன், பேச்சுக்காகத் தங்கிவிட்டேன், அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல டாக்டரைப் பாருங்கள், மன்னித்துவிடுங்கள் என்று.

மறுநாள் டிரைவரின் பின்னூட்டங்கள் மொத்தமும் காணாமல் போயிருந்தன. யாரும் எதுவும் எழுத முடியாதபடி டீச்சர் பின்னூட்டப் பெட்டியையே மூடியிருந்தார். அவளுக்குப் பதில் எதுவும் இல்லை.

"அடி சக்கை! பிடிவாதக்காரம்மாவே அழிச்சுட்டாங்களே. என்ன எழுதின?" என்றார் அத்தான்.

"உண்மையை."

அவர் அதைத் திரையில் படித்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! இதையே பேரை மாத்தி எல்லாருக்கும் தட்டிவிடு. எவனும் மறுக்க மாட்டான்."

அவள் மறுத்துப் பார்த்தாள். "அது அவங்களுக்கு மட்டும் எழுதினது, அத்தான்." "எழுத்துல என்ன அவங்களுக்கு இவங்களுக்குன்னு?" என்றார் அவர். அந்த வாரம் முழுக்க அவள் தன் மன்னிப்பை நகலெடுத்து ஒட்டினாள். டிரைவர் என்று இருந்த இடத்தில் தையற்காரி, மாணவன், இன்னும் யார் யாரோ. ஒட்ட ஒட்ட, அதில் ஒரு வார்த்தைகூடத் தான் எழுதியது மாதிரி இல்லை அவளுக்கு. மேலேயிருந்து அக்கா கூப்பிட்டபோது, ஷட்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே ஏறினாள்.

டீச்சரின் மின்னஞ்சல் வந்தபோது அவள் அதை எதிர்பார்த்திருக்கவே இல்லை. "கோபம் இன்னும் போகலை. கருவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். உங்க காது நல்லாக் கேக்கும்னு எழுதினீங்க. இந்தப் பாட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. இங்கே எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அது எனக்கு உதவாது." கூடவே ஒரு மாணவி பாடிய ஒலிப்பதிவு.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். 'மிக அருமை' என்றுதான் கை முதலில் தட்டியது. அழித்தாள். 'நெஞ்சைத் தொட்டது' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். அவளிடம் இருந்த வார்த்தையெல்லாம் யாருக்கோ விற்றுத் தீர்ந்த சரக்காக இருந்தது. மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு கேட்டதை மட்டும் எழுதினாள்: "இரண்டாவது வரியில் பெண்ணுக்கு மூச்சு போதவில்லை. கடைசி எழுத்தை விழுங்கிவிட்டாள். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். அதில் மிரண்டு கொஞ்ச தூரம் தாளத்தை முந்தி ஓடுகிறாள். அப்புறம் பயம் விட்டுப்போய், மேலே போகிற இடத்தில் குரல் தானாகத் திறந்துகொள்கிறது. அந்த இடம் மட்டும் எனக்கு இன்னொரு தரம் வேண்டும் போல இருந்தது." அடியில் தன் சொந்தப் பெயரைப் போட்டாள்.

டீச்சர் நன்றி சொல்லவில்லை. இன்னொரு பாட்டை அனுப்பினார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

அத்தான் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். "அந்தம்மா இன்னும் எழுதுறாங்களா? தளம் பழைய தளம், மதிப்பு இருக்கும். நம்ம சோபாக் கடைக்கு அங்க ஒரு இணைப்பு போட முடியுமா பாரு."

"பெட்டியை மூடிட்டாங்க, அத்தான்."

"யாருக்குமேவா?"

"யாருக்குமே."

அவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மேலே அக்கா மறுபடி கூப்பிட்டாள், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று. "அணைச்சிடுக்கா. பாட்டு ஒண்ணு பாதியில நிக்குது" என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.