ஒரே மாத்திரைப் பொட்டலம்

எங்கம்மாவைக் கொன்றது நீங்கள்தான், பெரிய கிராணி ஐயா.

நேற்று ஈப்போ ஆஸ்பத்திரியில், என் புற்றுக்கட்டியைப் பார்க்கும் டாக்டர் பெண் ஒரு படம் காட்டினாள்.

"டிஎன்ஏ இழைய மடிச்சு, கண்ணுக்கே தெரியாத பெட்டி செய்றாங்க, அங்கிள். உள்ள மருந்து. கட்டி கிட்ட போனாதான் திறக்கும். இன்னும் சோதனையிலதான் இருக்கு லா."

அந்த மடிப்பைப் பார்த்ததும் எழுபதுகளின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டம் வந்து நின்றது. தோட்டத்து டிரஸ்ஸர் பழைய பேப்பரை மடித்து வெள்ளை மாத்திரை கொடுப்பார். காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். களைக்கொல்லி அடித்து அடித்து அம்மாவுக்கு நகம் கழன்றது, மூச்சு இழுத்தது. அப்போதும் அதே பொட்டலம்தான்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரி கொடுங்க ஐயா," என்று அப்பா, தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தராக இருந்த உங்களைக் கும்பிட்டார். லாரி ஆபீஸ் வாசலில் சும்மா நின்றது.

"மாத்திரை குடுத்தாச்சில்ல? போய் பால்மரம் வெட்டுற வேலையப் பாரு," என்றீர்கள்.

மறுநாள் காலை நான் பிரித்துப் போட்ட மாத்திரை அம்மாவின் வாயிலேயே கிடந்தது. விழுங்க அவள் இல்லை.

இன்று புந்தோங் கோயில் விழாக்களில் மாலையோடு முன்வரிசையில் உட்காருகிறீர்கள். வரும் விழாவில் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அந்த லாரியை ஏன் கொடுக்கவில்லை?